மாப்பிள்ளைகிட்ட சொல்லு, மிஷினு

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டில் தீ எச்சரிக்கை மணி அடித்தது. தீ எதுவும் இல்லை. நான்தான் இருந்தேன்.

சில நாட்களாகச் சிங்கப்பூர் முழுக்கப் புகைமூட்டம். கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்தால் இந்தப் பக்கம் நாங்கள் இருமுவது பழைய ஏற்பாடு. சில வருடம் வரும், சில வருடம் மறந்துவிடும். இந்த வருடம் மறக்கவில்லை. பொங்கோலில் எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தால் எதிர் அடுக்குமாடி புளோக் காணாமல் போயிருந்தது, அதன் விளக்குகள் மட்டும் அந்தரத்தில் தொங்கின. ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கூடத்தில் எரிந்த கட்டை வாடை. அதை விரட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை வேறு. சாமி அலமாரிக்குக் கீழே கப் சாம்பிராணி டப்பா இருந்தது. ஒன்று கொளுத்தினேன். கட்டை வாடை போகவில்லை. இன்னொன்று கொளுத்தினேன். மூன்றாவது நன்றாகப் பற்றிக்கொண்டு, கூடம் கோயில் போல் ஆகி, எனக்கே பக்தி வந்துகொண்டிருந்த நேரத்தில் கூரையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தட்டு அலற ஆரம்பித்தது.

ஆக, வீட்டின் எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு, புகையை விரட்டப் புகை போட்டிருக்கிறேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் நான் பாதுகாப்பு அதிகாரி.

நாற்காலி மேல் ஏறித் தட்டில் இருந்த பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தபோது கதவு படபடவென்று தட்டப்பட்டது. எதிர் வீட்டு ஆயிஷா அக்கா. ஒரு கையில் ஈரத் துண்டு, மறு கையில் வாளித் தண்ணீர்.

"எங்க தம்பி தீ?"

"தீ இல்லக்கா. சாம்பிராணி."

"சாம்பிராணியா." அக்கா வாளியைக் கீழே வைத்தார். புகையைப் பார்த்தார், நாற்காலி மேல் நின்ற என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, வெளில இருக்கிறது பத்தலையா?"

"வாடை போகட்டும்னு..."

"அம்மாவுக்கு வீஸிங் லா. அனிதா என்கிட்ட சொல்லிட்டுத்தான போச்சு." ஈரத் துண்டைச் சாம்பிராணி மேல் போட்டு அமுக்கினார். உஸ் என்று கடைசிப் புகையும் எழுந்தது.

அனிதா என் மனைவி. அம்மா என்றது அவள் அம்மாவை, என் மாமியாரை. ரத்தினம்மா. அவர் சோபாவில் சேலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டம் இருமி முடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், மூலையில் நின்ற காற்றுச் சுத்திகரிப்பானைப் பார்த்துப் பேசினார்.

"மிஷினு. நிப்பாட்டச் சொல்லு."

மிஷினின் விளக்கு சிவப்பாக எரிந்தது. இருவரும் என் மீது கோபமாக இருப்பது போலிருந்தது.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. என் மாமியார் பேச்சு வராதவர் அல்ல. பள்ளிக்கூடக் கேன்டீனில் வாழ்நாள் பாதி கடை வைத்திருந்தவர். 'வரிசையில நில்லு' என்று அவர் கீழ்த்தளத்தில் சொன்னால் மேல்மாடி வகுப்பில் பையன்கள் எழுந்து நிற்பார்களாம். மீன் கடையில் மலாயில் பேரம் பேசுவார், பேருந்தில் இடம் கொடுக்காதவனை ஆங்கிலத்தில் கேட்பார். ஆனால் மருமகனிடம் மட்டும் நேருக்கு நேர் பேச மாட்டார். அது அவர் வளர்ந்த வீட்டு மரியாதை. அவருடைய அம்மாவும் தன் மருமகனிடம், அதாவது என் மாமனாரிடம், பேசியதில்லை. பெண்ணை நடுவில் வைத்துக்கொண்டுதான் எல்லாமே. "அனிதா, மாப்பிள்ளைக்குக் காப்பி வேணுமான்னு கேளு." நான் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பேன். அனிதா திரும்பி, "காப்பி வேணுமா?" என்பாள். "வேணும்." "வேணுமாம்மா." கல்யாணமாகி வெள்ளிவிழா கழிந்தும் இந்தத் தபால் சேவை ஒரு நாளும் நின்றதில்லை. எனக்கும் இதில் குறை இல்லை. மாமியார் நேரடியாகத் திட்டியதே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் மருமகன்கள் இந்தத் தீவில் எத்தனை பேர்?

சிக்கல், தபால்காரி ஊருக்குப் போனதில் தொடங்கியது. எங்கள் மகள் ரக்ஷனாவுக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் பட்டமளிப்பு விழா. மாமியார் விமானம் ஏற மாட்டார். ஆகவே அனிதா போனாள், நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றேன். அவள் பெட்டி கட்டும்போது புகைமூட்டம் இல்லை. அவள் விமானம் ஏறிய மறுநாள் வந்தது, யாரோ சொல்லி அனுப்பியது போல.

அன்று முதல் தொலைபேசியில் ஒரே கேள்வி. "அம்மா எப்படி இருக்காங்க?" மாமியார் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொள்வார். "நான் கல்லு மாதிரி இருக்கேன். நீ பேத்திக்கு நல்ல சேலையா கட்டிவிடு." அனிதா விடமாட்டாள். "அம்மா, சும்மா சொல்லாதீங்க. சின்னதா ஏதாச்சும்னாலும் சொல்லுங்க, அடுத்த ஃப்ளைட்ல வந்துடுவேன்." அந்த 'அடுத்த ஃப்ளைட்' என்ற சொல்லைக் கேட்டதும் மாமியார் முதுகை நிமிர்த்திக்கொள்வதை நான் பார்த்தேன். பார்த்தேனே தவிர, அது என்ன என்று யோசிக்கவில்லை. யோசிப்பது லீவில் சேராது.

முதலில் பெர்த் வழியாகத்தான் பேச்சு நடந்தது. நானும் மாமியாரும் ஒரே சோபாவில் இருப்போம். அவர் வீடியோவில், "மாப்பிள்ளைகிட்ட சொல்லு, தோசை மாவு ஃப்ரிட்ஜுல கீழ் தட்டுல இருக்குன்னு" என்பார். அது இந்தியப் பெருங்கடலைத் தாண்டிப் போய், அனிதா வாயில் புகுந்து, திரும்பி வந்து என் காதில் விழும். ஒருமுறை அனிதா, "அம்மா, அவர் உங்க பக்கத்துலதான இருக்காரு, நான் இங்க ஷாப்பிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். மாமியார் சுற்றும் முற்றும் பார்த்தார். மூலையில் காற்றுச் சுத்திகரிப்பான் நீல விளக்கோடு நின்றது. கடையில் கடைசியாக இருந்த ஒன்றை ஒரு சீனப் பாட்டியோடு போட்டி போட்டு நான் வாங்கி வந்தது. காற்று நன்றாக இருந்தால் நீலம், சுமார் என்றால் ஆரஞ்சு, மோசம் என்றால் சிவப்பு. எங்கள் குடும்பத்தில் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ஒரே உறுப்பினர்.

மாமியார் அதைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா மிஷினு, மாப்பிள்ளைக்கு ரசத்துல உப்பு சரியா இருந்துச்சான்னு கேளு."

நான் மிஷினைப் பார்த்தேன். அது ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. "சரியா இருந்துச்சுன்னு சொல்லு, மிஷினு," என்றேன்.

அப்படியே பழகிவிட்டோம். சொல்லப்போனால் நன்றாகவே போனது. அனிதாவைப் போல அது நடுவில் சொந்தக் கருத்தைச் சேர்க்கவில்லை.

நானும் கடமையைச் செய்யாமல் இல்லை. வியாழக்கிழமை பகலில் மாமியார் அறையிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவருடைய மூச்சு மருந்து பம்ப் போலிருந்தது. கதவருகே நின்று, "அத்தை, பம்ப் அடிச்சீங்களா?" என்று கேட்டேன். வெளியே வந்தார், நேராக மிஷினிடம் போனார். "கொசு மருந்து அடிச்சேன்னு சொல்லு." பத்து மாடிக்கு மேல், அதுவும் இந்தப் புகையில் எந்தக் கொசு வரும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "மூச்சு எப்படி இருக்குன்னு கேளு, மிஷினு," என்றேன். "பரவாயில்லன்னு சொல்லு."

பரவாயில்லை. இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவனை நான் எங்கள் பட்டறைக்குள் விடமாட்டேன். புகைமூட்டக் காலத்தில் தினமும் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, "யாருக்காவது மூச்சுத் திணறலா?" என்று கேட்பேன். "ஓகே சார்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். அதை நம்பாதே என்பதுதான் என் பாடம். மேற்பார்வையாளர்களுக்கு அட்டையே அடித்துக் கொடுத்திருக்கிறேன். 'ஓகேவா என்று கேட்காதே. ஆளைப் பேசவிடு. பெயர், ஊர், நேற்று என்ன சாப்பிட்டான், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறானா பார். நடுவில் வாக்கியம் உடைந்தால் உடனே உட்கார வை.' அட்டையில் படம்கூட உண்டு. நான் வரைந்தது. மூச்சுத் திணறுபவன் பாடகன் போல வந்துவிட்டான்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில், "உப்பு சரியான்னு கேளு," என்றார் மாமியார். 'ஏம்மா' இல்லை, 'மாப்பிள்ளைக்கு' இல்லை. எனக்குக் கொஞ்சம் உறைத்தது. என் மேல் ஏதோ வருத்தம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி. அதற்குப் பிறகு நிலைமை சரிந்தது. ஆயிஷா அக்கா வாளியை எடுத்துக்கொண்டு போனதும் நான் தோசை சுட்டுக் கொண்டுபோய் வைத்தேன். மாமியார் தட்டைப் பார்த்தார். மிஷினைக்கூடப் பார்க்கவில்லை.

"சட்னி?"

ஒரே சொல். 'கேளு' இல்லை, 'சொல்லு' இல்லை. இத்தனை வருடத்தில் இடையில் ஆள் இல்லாமல் அவர் வாயிலிருந்து என்னை நோக்கி வந்த முதல் சொல் சட்னி. எனக்கு முகம் சுருங்கிப்போனது. மாப்பிள்ளை என்ற பட்டம் பறிபோய்விட்டது, இனி நான் கேன்டீன் பையன்களில் ஒருவன்.

தட்டில் பாதித் தோசை அப்படியே இருந்தது. "பிடிக்கலையாத்தை?" என்றேன். கையை மட்டும் அசைத்தார். அந்த அசைவுக்குப் பொருள் 'போ' என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி எதையாவது வாங்கிக்கொண்டு வருவது. ஒவ்வொரு வெள்ளியும் மாமனார் படத்துக்கு மல்லிகைச் சரம் போடுவது மாமியார் வழக்கம். லிட்டில் இந்தியாவில், தேக்காவில் மருதப்பன் கடைச் சரம்தான் போட வேண்டும், பக்கத்து மால் பூ ஆகாது. அந்த வாரம் படம் வெறுமையாக இருந்தது. ஆயிஷா அக்காவை வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கச் சொன்னேன்.

"அத்தைக்கு என் மேல கோவம்க்கா. பேச மாட்டேங்கிறாங்க."

"உங்ககிட்ட என்னைக்குத் தம்பி பேசினாங்க?"

"இல்லக்கா, மிஷின்கிட்டகூடப் பேசலை."

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பொங்கோலிலிருந்து ரயில் நேராக லிட்டில் இந்தியா போகும். பெட்டி முழுக்க முகக்கவசம். ஒருவர் இருமினால் எல்லாரும் அவரைப் பார்க்காததுபோல் பார்த்தார்கள். வெளியே வந்தால் சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு வளைவுகள் பகலிலேயே எரிந்தன. புகையில் விளக்கு மயிலுக்கு உடம்பு இல்லை, தோகை மட்டும் மின்னியது. தொண்டையில் யாரோ அரிசி மாவைத் தூவியது போலிருந்தது. அனிதா சொல்லிக் கொடுத்தபடி போனில் காற்று மாசு எண்ணைப் பார்த்தேன். பிஎஸ்ஐ நூற்றி எழுபது சொச்சம், ஆரோக்கியமற்ற நிலை. வயதானவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் வீட்டுக்குள் இருக்கவும் என்று கீழே எழுதியிருந்தது. வீட்டுக்குள் ஒரு மருமகன் சாம்பிராணியோடு இருந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை.

மருதப்பனும் நானும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்ச். பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறான். இந்த வாரம் வாசலில் வாழைக் கன்றுக்குப் பதில் முகக்கவசப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வேலையாள் வராததால் தானே பின்கட்டிலிருந்து தேங்காய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, அதுவும் முகக்கவசத்தோடு, தள்ளாடி வந்துகொண்டிருந்தான்.

"டேய், மல்லிச் சரம் இருக்காடா?"

"இரு," என்றான். மூட்டையைப் போட்டான். "உக்காரு."

"மாமியாருக்கு வாங்கிட்டுப் போறேன்."

சாதாரணமாக இந்த ஒரு வரிக்கு அவன் அரை மணி நேரம் என்னை ஓட்டுவான். மாமியாருக்கு மல்லிகைப்பூ வாங்கும் மருமகன் என்று தெரு முழுக்கச் சொல்லுவான். அன்று என்னைப் பார்த்து, "எத்தனை?" என்றான்.

"படத்துக்குடா, மாமனார் படத்துக்கு."

"முழம்?"

இவனுமா என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. "என்னடா, உனக்கும் என் மேல கோவமா? எல்லாரும் மொட்டை மொட்டையாப் பேசுறீங்க."

அவன் முகக்கவசத்தைக் கீழே இழுத்தான். முகம் சிவந்திருந்தது. ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டான்.

"கோவமா," என்றான். ஒரு மூச்சு. "மூச்சு." இன்னொரு மூச்சு. "வாங்குதுடா." இன்னொன்று. "கூமுட்டை."

நான் சிரிக்க வாயெடுத்தேன். வாய் பாதியில் நின்றுவிட்டது.

மருதப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான். கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிட்டான். "இந்த ஹேஸ் புகையில மூட்டை தூக்கினா அப்படித்தான் லா, ரெண்டு எட்டு வச்சா நாய் மாதிரி இரைக்குது, காலையில ஒரு அங்கிள் வந்து பிஎஸ்ஐ நம்பருக்கு ஃபோர்-டி லாட்டரி எடுக்கப்போறேங்கிறாரு, மூணு இலக்கந்தான வருது அங்கிள், நாலு வேணுமேன்னேன், வரும் தம்பி காத்திருன்னாரு, நாலாவது இலக்கம் வந்தா டிக்கெட் விக்க யாரு உயிரோட இருப்பா சொல்லு..." என்று ஒரே மூச்சில் பேசிக்கொண்டே போனான்.

ஒரே மூச்சில். எனக்கு என் அட்டை நினைவுக்கு வந்தது. பாடகன் படம் போட்ட அட்டை.

'ஏம்மா மிஷினு, மாப்பிள்ளைக்கு ரசத்துல உப்பு சரியா இருந்துச்சான்னு கேளு.' இதைச் சொல்ல எவ்வளவு மூச்சு வேண்டும். அதைச் சொன்ன அன்று புகை இவ்வளவு இல்லை. பிறகு, 'உப்பு சரியான்னு கேளு.' பிறகு, 'நிப்பாட்டச் சொல்லு.' பிறகு, 'சட்னி.' பிறகு கை. நான் மரியாதை குறைகிறது என்று ரோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். குறைந்தது மரியாதை இல்லை. மரியாதை நீளமானது. அதற்குக் காற்று வேண்டும்.

"டேய், எங்கடா போறே? சரம்?"

மருதப்பன் ஓடிவந்து இலையில் சுற்றிய சரத்தை என் சட்டைப் பையில் திணித்தான். டாக்சியில் ஏறி ஆயிஷா அக்காவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அக்கா போனைத் தன் வீட்டில் வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருப்பார். மாமியார் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அனிதாவுக்கு அடிக்கவில்லை. அந்நேரம் ரக்ஷனா கறுப்பு அங்கியோடு வரிசையில் நின்றிருப்பாள், அரங்கத்தில் எல்லாரும் போனை அணைத்திருப்பார்கள். அணைக்காமல் இருந்தாலும் என்ன சொல்வது? உன் அம்மா மிஷினிடம் பேசுவதை நிறுத்திவிட்டார் என்றா?

"அவசரமா, சார்?" என்றார் ஓட்டுநர், ஆங்கிலத்தில்.

"மாமியார்," என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் வேகத்தைக் கூட்டினார். கல்யாணமானவராக இருக்க வேண்டும்.

வழி முழுக்க எனக்குள் ஒரு பாதுகாப்பு அதிகாரி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தான். சம்பவம் நடந்த இடம், வரவேற்பறை. மூலகாரணம், மருமகன். எத்தனையோ பேரைச் சாரக்கட்டில் கால் தடுக்காமல் காப்பாற்றியவன், ஒரே சோபாவில் இருந்தவரின் மூச்சைக் கவனிக்கவில்லை. கவனித்தேன், ஐயா. தப்பான பக்கத்திலிருந்து கவனித்தேன். அவர் மகளை விழாவில் இருக்கவைக்க முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எனக்குக் கிடைக்காத நாலு சொல்லை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தது ஆயிஷா அக்கா. "நல்லவேளை வந்தீங்க. எனக்கு என்னமோ சரியாப் படல, தம்பி. ஆம்புலன்ஸ் கூப்பிடவான்னு கேட்டா கையை ஆட்டுறாங்க, நான் எந்திரிச்சா என் முந்தானையப் புடிச்சுக்கிறாங்க. அனிதாவுக்குச் சொல்லிடுவோம்னு பயம் போல."

மாமியார் சோபாவின் நுனியில் இருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் சாய்ந்து. மூச்சு விடும்போதெல்லாம் தோள் ஏறி இறங்கியது. மெலிதாக ஒரு விசில் சத்தம். முதலில் மிஷினிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். மிஷின் சத்தமில்லாமல் நின்றது. விளக்கு நீலம். காற்று சுத்தம், எல்லாம் நலம் என்கிறது. அது பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது அறையின் காற்று. அத்தையின் நெஞ்சுக்குள் அதற்கு விளக்கு இல்லை.

"அக்கா, உங்க போனை எடுத்துட்டு வந்து கையில வச்சுக்குங்க," என்றேன். அக்கா ஓடினார்.

நான் தரையில் உட்கார்ந்தேன், மாமியாருக்கும் மிஷினுக்கும் நடுவில். கேட்காமலே ஆம்புலன்ஸுக்கு அடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கை இன்னொரு முறை 'வேண்டாம்' என்று ஆடும், கதவுக்கு வரும் ஆம்புலன்ஸ் ஆட்களிடமும் அவர் 'பரவாயில்லை' என்று சொல்லி அனுப்பிவிடக்கூடியவர் என்பது எனக்குத் தெரியும். கேன்டீனில் சுகாதார ஆய்வாளரையே டீ கொடுத்து அனுப்பியவர்.

"அத்தை," என்றேன்.

அவர் என் தோளுக்கு மேலாக மிஷினைப் பார்த்தார். நான் கொஞ்சம் நிமிர்ந்தேன். அவர் இடது பக்கம் எட்டிப் பார்த்தார். நானும் இடது பக்கம் சாய்ந்தேன். வேறு நாளாக இருந்தால் இருவருமே சிரித்திருப்போம்.

"மிஷின் லீவுல இருக்கு, அத்தை. அனிதா விழாவுல இருக்கா, விழா முடியட்டும், நான் இப்ப அவகிட்ட எதுவும் சொல்லப் போறதில்லை. ரக்ஷனா பட்டம் வாங்கி, ரெண்டு பேரும் போட்டோ எடுத்து, வயிறாரச் சாப்பிட்டப்புறம் நானே சொல்றேன். திட்டு எனக்குத்தான விழும், பழக்கம்தான். சாம்பிராணி போட்டது நான். அதுக்கு எவ்வளவு வேணும்னாலும் கோவிச்சுக்குங்க, அப்புறமா. இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மூச்சு விட முடியுதா?"

"பரவா..." என்றார்.

அந்தச் சொல் அங்கேயே நின்றது. எந்த நிலைமைக்கும் பொருந்துகிற, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிற அந்தச் சொல்லை முடிக்க அவரிடம் காற்று இல்லை. இன்னொரு முறை முயன்றார். "பர..." தலையைக் குனிந்துகொண்டார். என் சட்டைப் பையிலிருந்த மல்லிகையின் மணம் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. இப்போது அதுகூட அவருக்கு ஆகாதோ என்று சரத்தை எடுத்துத் தூரமாகத் தள்ளினேன்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, மிஷினைத் தேடாமல், என் முகத்தைப் பார்த்தார். அவர் கண் இவ்வளவு பழுப்பு என்று எனக்கு அதுவரை தெரியாது. வாசலில் ஆயிஷா அக்கா போனோடு வந்து நின்றார். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார், கேன்டீன்காரப் பிடி, வலித்தது.

"முடியல, மாப்பிள்ளை," என்றார். ஒரு மூச்சு. "பம்ப் அடிச்சேன். கேக்கல." இன்னொரு மூச்சு. "பயமா இருக்கு. என்னைக் கூட்டிட்டுப் போங்க."